இளகிய மனமுள்ள பிள்ளைக்கு என்ன புத்தகம் கொடுக்கலாம்? வீட்டிலேயே கல்வி கற்பிக்கும் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

கொரோனா ஊரடங்கில் எல்லோருடைய வீடும் பள்ளிக்கூடமானது. பள்ளிகள் திறந்த பிறகும் சில குடும்பங்கள் அந்த வழியிலேயே தொடர்கின்றன. பிள்ளையின் மென்மையான சுபாவம் இதற்கு ஒரு காரணமாக இருக்கிறது. வகுப்பறை இரைச்சலைத் தாங்காத பிள்ளை, அடுத்த பிள்ளை அடி வாங்கினாலும் தான் அழும் பிள்ளை, கதையில் நாய்க்குட்டி தொலைந்தால் இரவு முழுக்கத் தூங்காத பிள்ளை. இப்படி ஒரு பிள்ளையை வீட்டில் வைத்துப் படிக்க வைக்கும்போது, கையில் கொடுக்கும் ஒவ்வொரு புத்தகமும் நம் பொறுப்பாகிவிடுகிறது. பள்ளியில் சோகக் கதை ஒன்று வந்தால் நாற்பது பிள்ளைகள் சேர்ந்து கேட்டுவிட்டு, மணி அடித்ததும் விளையாடப் போவார்கள். வீட்டில் தனியாகப் படிக்கும் பிள்ளை அந்தச் சோகத்தோடு தனியாகவே இருக்கும்.

இது நோய் இல்லை

அமெரிக்க உளவியலாளர் எலைன் ஆரன், மிகுந்த நுண்ணுணர்வு கொண்டவர்களைப் பற்றி 1996இல் ஒரு நூலும், அத்தகைய குழந்தைகளைப் பற்றி 2002இல் ஒரு நூலும் எழுதினார். மக்களில் சுமார் 15 முதல் 20 சதவீதம் பேர் இப்படிப்பட்டவர்கள் என்பது அவருடைய கணிப்பு. இதை அவர் குறைபாடாகக் கருதவில்லை, பிறவிக் குணமாகவே பார்க்கிறார். இவர்கள் எதையும் ஆழமாக யோசிப்பார்கள், பிறர் வலியைச் சட்டென்று உணர்வார்கள், சீக்கிரம் களைத்தும் போவார்கள். "இதுக்கெல்லாமா அழுவாங்க?" என்ற கேலி அந்தக் குணத்தை மாற்றாது. அழுகையை மறைக்க மட்டுமே அது பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கும்.

நபி (ஸல்) அவர்களின் முன்மாதிரி நமக்கு இருக்கிறது. அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர் ஒரு சிறு குருவியை வளர்த்து வந்தார். அது இறந்துபோக, சிறுவர் வாடியிருந்தார். அல்லாஹ்வின் தூதர் அதைக் கவனித்து, அவரைப் பெயர் சொல்லி அழைத்து, அந்தக் குருவியைப் பற்றியே அன்போடு விசாரித்தார்கள். புகாரி, முஸ்லிம் உள்ளிட்ட நூல்களில் இந்தச் செய்தி இடம்பெற்றுள்ளது. ஒரு சமுதாயத்தையே வழிநடத்தியவர்களுக்கு ஒரு பிள்ளையின் குருவி சின்ன விஷயமாகத் தெரியவில்லை. பிள்ளையின் துக்கத்தை அவர்கள் மூடி மறைக்கவுமில்லை, அதன் பெயரைச் சொல்லியே பேசினார்கள். புத்தகத் தேர்விலும் இதே வழி நமக்குப் பொருந்தும்.

முதலில் நாம் படிக்க வேண்டும்

அட்டையில் போட்டிருக்கும் வயதைப் பார்த்து மட்டும் முடிவு செய்ய முடியாது. எட்டு வயதில் பன்னிரண்டு வயதுப் புத்தகத்தைச் சரளமாக வாசிக்கும் பிள்ளை, மனதளவில் எட்டு வயதாகவே இருக்கும். எனவே கொடுப்பதற்கு முன் நாம் ஒருமுறை படித்துவிட்டு இவற்றைக் கவனிக்க வேண்டும்:

1. யாராவது இறக்கிறார்களா, தொலைந்து போகிறார்களா? குறிப்பாகத் தாய், தகப்பன், வளர்ப்புப் பிராணி.
2. பயமோ வலியோ வரும் இடம் கதைக்குள்ளேயே ஆறுதலோடு முடிகிறதா, அந்தரத்தில் நிற்கிறதா?
3. படங்கள் எப்படி? எழுத்தில் கடந்து போகும் ஒரு காட்சி படத்தில் கண்ணைவிட்டுப் போகாது.
4. பயந்த பிள்ளையையோ அழும் பிள்ளையையோ கதை கேலி செய்கிறதா?
5. நம் பிள்ளைக்கு இப்போது இருக்கும் கவலை எதையாவது அது தொடுகிறதா? நன்னி மருத்துவமனையில் இருக்கும் வாரத்தில் நோயாளிப் பாட்டியின் கதை வேண்டாம்.

இந்தக் கேள்விகளின் நோக்கம் சோகம் உள்ள எல்லா நூல்களையும் ஒதுக்குவது அல்ல. எதைத் தனியாகப் படிக்க விடலாம், எதைக் கூட உட்கார்ந்து படிக்க வேண்டும், எதை இரண்டு வருடம் தள்ளிவைக்க வேண்டும் என்று மூன்றாகப் பிரிக்கத்தான். சோகமே இல்லாத புத்தகங்களை மட்டும் படித்து வளரும் பிள்ளைக்கு, வீட்டில் ஒரு மவுத் நடக்கும்போது தன் துக்கத்தைச் சொல்ல வார்த்தை இருக்காது.

நல்ல புத்தகமும் கலங்க வைக்கும்

வீட்டுக் கல்வி என்றதும் பலர் பரிந்துரைப்பது ஜப்பானிய எழுத்தாளர் டெட்சுகோ குரோயாநாகியின் 'டோட்டோ-சான்'. 1981இல் வெளிவந்த இந்நூலை நேஷனல் புக் டிரஸ்ட் தமிழில் வெளியிட்டுள்ளது. ஒரு பள்ளி வெளியேற்றிய சிறுமிக்கு, ரயில் பெட்டிகளில் நடக்கும் இன்னொரு பள்ளியும் அன்பான தலைமையாசிரியரும் கிடைக்கும் உண்மைக் கதை. ஆனால் அவள் ஆசையாய் வாங்கிய கோழிக்குஞ்சுகள் இறந்துவிடும். போலியோ பாதித்த நண்பன் இறந்துபோவான். அவளுடைய நாய் காணாமல் போகும். கடைசியில் போரில் பள்ளியே குண்டு வீச்சில் எரிந்துபோகும். அருமையான நூல்தான், ஆனால் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு நாம் சமையலறைக்குப் போய்விடக் கூடாது. தினம் ஒரு அத்தியாயம் சேர்ந்து படிக்கலாம். அத்தியாயங்கள் சிறியவை என்பதால் அது எளிது.

க்ரியா வெளியிட்ட 'குட்டி இளவரசன்' இன்னொன்று. மெல்லிய புத்தகம், அழகான படங்கள் என்பதால் சின்னப் பிள்ளைகளுக்கு வாங்கிவிடுகிறோம். முடிவில் பாம்பு வருகிறது. இளவரசன் என்ன ஆனான் என்பது தெளிவாகச் சொல்லப்படாது. பெரிய பிள்ளைகளுக்கு அதுவே யோசிக்க நல்ல இடம். சிறு பிள்ளைக்கு அது விடை தெரியாத கவலை.

யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி பால புரஸ்கார் பெற்றது. தவறான தொடுதலைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசும் நாவல் இது. பிள்ளை பயப்படும் என்று இத்தகைய நூலை ஒதுக்கிவிட முடியாது. வீட்டில் இருக்கும் பிள்ளைக்கும் இந்தப் பாதுகாப்பு அறிவு தேவை. அம்மாவோ அத்தாவோ கூடவே இருந்து படிக்க வேண்டிய நூல்.

நபிமார்களின் வரலாறு

யூசுஃப் (அலை) அவர்களைச் சகோதரர்கள் கிணற்றில் தள்ளிய இடத்தில் "மீதி நாளைக்கு" என்று நிறுத்தினால், இளகிய பிள்ளை இரவெல்லாம் அந்தக் கிணற்றுக்குள்ளேயே இருக்கும். கனவில் தொடங்கிக் குடும்பம் ஒன்றுசேரும் வரை அந்த வரலாறு ஒரே அத்தியாயத்தில் முழுமையாக வருகிறது. சுருக்கமாகவாவது முடிவு வரை ஒரே அமர்வில் சொல்லிவிட்டு, விவரங்களுக்குப் பிறகு வரலாம். மூஸா (அலை) அவர்களை ஆற்றில் விட்ட தாயிடம் குழந்தை திரும்பி வந்ததையும் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும்.

இப்ராஹீம் (அலை) அவர்களின் தியாகத்தைக் கேட்டதும் "அத்தா, என்னையும் அறுப்பீங்களா?" என்று கேட்கும் பிள்ளைகள் உண்டு. அல்லாஹ் அந்த மகனைக் காப்பாற்றினான், இனி எந்தத் தகப்பனிடமும் அது கேட்கப்படாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஹஜ்ஜுப் பெருநாளுக்காக வீட்டில் ஆடு கட்டியிருக்கும் நாட்களில், ஆட்டுக்குட்டியோடு நட்பு கொள்ளும் கதைப் புத்தகங்களைத் தள்ளிவைக்கலாம். குர்பானியைப் பார்த்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்த வேண்டியதில்லை. இறைச்சியைப் பங்கிட்டு ஏழைகளின் வீடுகளுக்குக் கொண்டுபோகும் வேலையை இத்தகைய பிள்ளை ஆசையாகச் செய்யும்.

கப்ரு வேதனை, நரகம் பற்றிய சிறு நூல்கள் மலிவு விலையில் கிடைக்கின்றன. அவை பெரியவர்களை எச்சரிக்க எழுதப்பட்டவை. மறுமை நம்பிக்கை ஈமானின் தூண், அதைப் பிள்ளைக்குச் சொல்லத்தான் வேண்டும். எந்த வரிசையில் சொல்கிறோம் என்பதே முக்கியம். அல்லாஹ்வின் ரஹ்மத் முதலில் மனதில் ஊன்ற வேண்டும்.

உண்மை நூல்களின் துணை

கதைகள் அதிகமாகக் கலங்க வைக்கும் காலத்தில் பறவை, செடி, நட்சத்திரம், இயந்திரம் பற்றிய நூல்கள் மனதுக்கு ஓய்வு தரும். ப. ஜெகநாதனும் ஆசையும் எழுதி க்ரியா வெளியிட்ட 'பறவைகள்: அறிமுகக் கையேடு' நூலோடு உக்கடம் பெரியகுளம், சிங்காநல்லூர் குளம் பக்கம் ஒரு காலைப் பொழுது போனால் நாமக்கோழியையும் நீர்க்காகத்தையும் முக்குளிப்பானையும் பிள்ளை தானே அடையாளம் காணும்.

கோவையை அடுத்த ஆனைகட்டியில் 1990இல் தொடங்கப்பட்ட பறவை ஆராய்ச்சி மையம் சாலிம் அலியின் பெயரைத் தாங்கியது. 1896இல் பிறந்த அவர், மூன்று வயதுக்குள் தாய், தந்தை இருவரையும் இழந்து மாமாவின் வீட்டில் வளர்ந்தார். சிறுவனாக இருந்தபோது தான் சுட்ட ஒரு குருவியைப் பற்றித் தெரிந்துகொள்ளப் போனதுதான் அவரைப் பறவைகளின் உலகத்துக்குள் கொண்டுவந்தது. குருவி செத்த இடத்தில் பிள்ளை கலங்கலாம். சுட்டவரே பறவைகளைக் காக்கும் அறிஞரானார் என்ற மீதிக் கதை அதற்கு மருந்தாகும்.

பள்ளிக்குப் போகாததை உறவினர்கள் குத்திக்காட்டும்போது வாடும் பிள்ளைக்கு, சூலூர் அருகே கலங்கலில் 1893இல் பிறந்த ஜி.டி. நாயுடுவின் வாழ்க்கையைச் சொல்லலாம். பள்ளியைச் சிறு வயதிலேயே விட்டவர், தானாகவே படித்து இயந்திரங்களைக் கற்று, 1920இல் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே பேருந்து ஓட்டினார்.

ஊர்ப் பேச்சும் செய்திகளும்

1997 நவம்பர் கலவரத்தையும் 1998 பிப்ரவரி குண்டுவெடிப்புகளையும் கண்ட தலைமுறை கோவை வீடுகளில் இருக்கிறது. எந்தப் பக்கத்து உயிரிழப்பும் ஒரு குடும்பத்தின் துக்கம்தான். வீட்டிலேயே இருக்கும் பிள்ளை பெரியவர்களின் பேச்சை மற்ற பிள்ளைகளைவிட அதிகம் கேட்கிறது. கேட்டால் உண்மையைச் சுருக்கமாகச் சொல்லுவோம். காயங்களைப் படமாகக் காட்டும் புத்தகங்களும் காணொளிகளும் அதன் கைக்கு எட்ட வேண்டாம். அண்டை வீட்டாரோடு நாம் வாழும் நல்லுறவையும் சேர்த்தே அது பார்க்கட்டும்.

எங்கே கிடைக்கும்?

ஆர்.எஸ். புரம் கௌலி பிரவுன் சாலையிலுள்ள மாவட்ட மைய நூலகத்தில் பிள்ளையை உறுப்பினராக்கினால், விலை கொடுத்து வாங்கும் முன் படித்துப் பார்க்கலாம். ராஜ வீதியில் விஜயா பதிப்பகம் இருக்கிறது. கோவை கொடிசியா வளாகத்தில் ஆண்டுதோறும் புத்தகத் திருவிழா நடக்கிறது. ஈரோட்டில் மக்கள் சிந்தனைப் பேரவை 2005 முதல் நடத்துகிறது. கூட்டமும் ஒலிபெருக்கியும் இந்தப் பிள்ளைகளுக்கு ஆகாது என்பதால் வார நாளில், அரங்கு திறந்ததும் போய்வருவது நல்லது. படக்கதைகளுக்கு சென்னை தூலிகா பதிப்பகத்தின் இருமொழி நூல்கள் உதவும். பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்க் கதைகள் நான்கு வாசிப்பு நிலைகளாகப் பிரித்து இலவசமாகக் கிடைக்கின்றன.

தேர்வைப் பற்றிய கவலை புத்தகத் தேர்வை நெருக்கக் கூடாது. தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் 3, 5, 8ஆம் வகுப்புகளுக்கு இணையான நிலைகளை வைத்திருக்கிறது. பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வுக்குக் குறைந்தது 14 வயது ஆகியிருக்க வேண்டும். அதுவரை விருப்ப வாசிப்புக்கு நிறைய நேரம் இருக்கிறது.

படித்த பிறகு

பிள்ளை பாதியில் மூடிவைத்தால் விட்டுவிடலாம். எந்தப் பக்கத்தில் மூடியது என்று மட்டும் நாம் பார்த்துவைக்க வேண்டும். அழுதால் அருகில் உட்கார்ந்து, எந்த இடம் கஷ்டமாக இருந்தது என்று கேட்போம். படுக்கும் நேரத்துக்குப் பழகிய, சிரிக்க வைக்கும் புத்தகம் ஒன்றை எப்போதும் வைத்திருப்போம். தூக்கமின்மை, சாப்பாட்டில் வெறுப்பு, விடாத பயம் என்று வாரக்கணக்கில் நீடித்தால் புத்தகத்தை மாற்றிப் பயனில்லை; குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பிறர் வலியில் கலங்கும் மனம் அல்லாஹ் தந்த அமானிதம். அதைப் பாறையாக்காமல் பலப்படுத்துவதே நம் வேலை. இன்ஷா அல்லாஹ், இன்று கதையில் வரும் குருவிக்காக அழும் பிள்ளை நாளை அண்டை வீட்டாரின் துயரத்தில் முதலில் போய் நிற்கும்.