பாரிஸிலிருந்து ஒரு பட்டுவாடா கணக்கு

1923 டிசம்பரில் பாரிஸின் கம்யூனிஸ்ட் நாளிதழான 'லூமானித்தே' ஒரு தொடரை ஆரம்பித்தது. அதில் வந்தவை பழைய கடிதங்கள். எழுதியவர் ஆர்தர் ரஃபலோவிச். ஒடெசாவில் பிறந்தவர், பொருளாதார அறிஞர் என்று பெயர் வாங்கியவர், ஜார் அரசின் நிதியமைச்சகத்துக்குப் பாரிஸில் ஏஜென்ட். எந்தப் பிரெஞ்சுப் பத்திரிகைக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று அவர் பீட்டர்ஸ்பர்க்குக்கு அனுப்பிய கணக்குதான் அந்தக் கடிதங்கள். 1931இல் புத்தகமாகவும் வந்தது. பத்திரிகைகளின் அருவருப்பான விலைபோகும் குணம் என்று தலைப்பு. அது அவருடைய கடிதத்தில் இருந்தே எடுத்த சொல். காசு கொடுத்தவரே திட்டியிருக்கிறார்.

ஏன் கொடுத்தார்கள்? ரயில் பாதை போடவும் ராணுவத்தை வைத்துக்கொள்ளவும் ரஷ்யாவுக்குப் பணம் வேண்டும். 1888 முதல் அந்தப் பணத்தில் பெரும்பங்கு பாரிஸில் கடன்பத்திரம் விற்று வந்தது. வாங்கியவர்களில் கடைக்காரரும் ஓய்வுபெற்ற வாத்தியாரும் கொஞ்சம் காசு சேர்த்த விவசாயியும் உண்டு. வங்கிக் கிளைகள் கமிஷனுக்காக இந்தப் பத்திரங்களைத் தள்ளிவிட்டன. நம்மூரில் எஃப்.டி. போடப் போனவர் கையில் இன்சூரன்ஸ் பாலிசியைத் திணிப்பார்களே, அந்த மாதிரி. வங்கிக்காரர் சொல்வது நிஜமா என்று பார்க்க அந்த வாத்தியாருக்கு இருந்த வழி, தினமும் படிக்கும் பேப்பர்.

அந்தப் பேப்பரின் நிலைமை வேறு. 1881 சட்டத்துக்குப் பிறகு பிரான்ஸில் யார் வேண்டுமானாலும் பத்திரிகை நடத்தலாம். நிறையப் பேர் நடத்தினார்கள். விற்பனைக் காசு போதவில்லை. அதனால் பலர் பங்குச்சந்தைப் பக்கத்தையே குத்தகைக்கு விட்டார்கள், மாந்தோப்பை விடுகிற மாதிரி. குத்தகைக்கு எடுத்தவர் தனக்கு வேண்டியதை எழுதிக்கொள்வார். படிக்கிறவருக்கு அது பத்திரிகையே சொல்வதாகத்தான் தெரியும்.

கடிதங்களைப் பற்றிப் படிக்கும்போது, காசுக்குப் பொய்ச்செய்தி எழுதியிருப்பார்கள் என்றுதான் நினைப்போம். எனக்குப் பெரிதாகப் பட்டது மௌனம். 1904இல் ஜப்பானோடு போர். 1905 ஜனவரியில் பீட்டர்ஸ்பர்க்கில் மனு கொடுக்கப் போன தொழிலாளர்கள் மேல் துப்பாக்கிச் சூடு. இதையெல்லாம் பக்கம் பக்கமாக எழுதி, கூடவே 'ரஷ்யா கடனைத் திருப்பிக் கட்டுமா?' என்று ஒரு வரி கேட்டுவிட்டால் பத்திரத்தின் விலை விழும். அந்த ஒரு வரி வராமல் இருப்பதற்குத்தான் பணம். 1904இல் எழுதிய ஒரு கடிதத்தில் பத்து மாதத்துக்கு 6 லட்சம் பிராங்க் என்று கணக்கு சொல்கிறார். பாதியை வங்கிகள் போட்டன. புதிய கடனுக்கான விளம்பரச் செலவு இதில் சேர்த்தியில்லை.

கொடுக்கக் கொடுக்க வாய் பெரிதாகும். திடீரென்று ஏதோ ஒரு சின்னப் பத்திரிகை ரஷ்யாவின் கஜானாவைப் பற்றிக் காட்டமாக எழுதும். உண்மை பேசுகிறார்கள் என்று சந்தோஷப்படக் கூடாது. எங்களுக்கு இன்னும் வரவில்லை என்று அர்த்தம். தமிழ்நாட்டுப் பத்திரிகை வட்டாரத்தில் இதற்கு 'கவர்' என்று ஒரே சொல்தான். பாரிஸில் பட்டுவாடாவுக்கென்றே ஆள் இருந்தார், அல்போன்ஸ் லெனுவார். பிரெஞ்சு அமைச்சர்களுக்கும் விஷயம் தெரியும். அவருடைய மகன் பியர், உலகப் போரின்போது ஜெர்மன் பணத்தில் ஒரு நாளிதழை வாங்கிய வழக்கில் 1919இல் சுட்டுக் கொல்லப்பட்டார். குடும்பத் தொழில்தான். பணம் வந்த திசை மட்டும் மாறிவிட்டது.

1906 ஏப்ரலில் 225 கோடி பிராங்க் கடன் கிடைத்தது. ரஷ்யாவின் முதல் நாடாளுமன்றமான டூமா கூடுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு. கையில் பணம் வந்துவிட்டதால் ஜார் டூமாவிடம் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. இந்தக் கடனுக்காகப் பிரான்ஸைத் திட்டி மாக்சிம் கார்க்கி எழுதினார். யார் கேட்டார்கள்?

1918இல் போல்ஷெவிக்குகள் ஜாரின் கடனெல்லாம் செல்லாது என்று அறிவித்தார்கள். கையில் பத்திரத்தோடு நின்றவர்கள் சுமார் 15 லட்சம் பிரெஞ்சுக்காரர்கள். 1996இல்தான் ரஷ்யா 40 கோடி டாலர் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டது. பத்திரம் வாங்கிய வாத்தியாருக்கு அப்போது கொள்ளுப்பேரன் இருந்திருப்பான்.

சாஃப்ட்வேர் ஆளான எனக்கு இதில் உறுத்துவது, நமக்கு இது எப்படித் தெரிந்தது என்பது. வாங்கியவர்களில் ஒருவரும் முன்வந்து சொல்லவில்லை. கொடுத்தவனின் ஆட்சி கவிழ்ந்து, அவன் எதிரியின் கையில் லாக் ஃபைல் சிக்கியது. அவ்வளவுதான். கவிழாத ஆட்சிகளின் லாக் எங்கேயோ பத்திரமாக இருக்கும். கடிதங்களை வெளியிட்ட கம்யூனிஸ்ட் கட்சிக்கும் மாஸ்கோவிலிருந்து பணம் வந்துகொண்டிருந்தது. அந்தக் கணக்கு விவரமாகத் தெரிய சோவியத் யூனியன் சரிய வேண்டியிருந்தது.

2024 செப்டம்பரில் அமெரிக்க நீதித்துறை இன்னொரு லாக்கைத் திறந்தது. ரஷ்ய அரசின் ஆர்.டி. தொலைக்காட்சியைச் சேர்ந்த இரண்டு பேர், டென்னஸியில் உள்ள ஒரு நிறுவனத்துக்குக் கிட்டத்தட்ட 1 கோடி டாலர் அனுப்பினார்கள் என்பது குற்றச்சாட்டு. டெனட் மீடியா என்ற அந்த நிறுவனம் பிரபலமான வலதுசாரி யூடியூபர்களை வைத்து வீடியோ போட்டது. ஒருவருக்கு மாதம் 4 லட்சம் டாலர், வாரத்துக்கு நாலு வீடியோ. பணம் எங்கிருந்து வந்ததென்று தெரியாது, நாங்களும் ஏமாந்தவர்கள்தான் என்றார்கள் அவர்களில் சிலர். குற்றம் சாட்டப்பட்ட இருவரும் ரஷ்யாவில் இருந்ததால் விசாரணை நடக்கவில்லை.

யூடியூபர்களிடம் பணம் போடுபவர் என்று காட்டியது எட்வர்ட் கிரிகோரியன் என்ற ஐரோப்பியப் பணக்காரரை. அப்படி ஒரு ஆளே கிடையாது என்கிறது குற்றப்பத்திரிகை. பாரிஸில் இருப்பதாகச் சொல்லிக்கொண்ட அந்த ஆளின் கணக்கிலிருந்து ஒருநாள் கூகுளில் ஒரு தேடல் போயிருக்கிறது: பாரிஸில் இப்போது மணி என்ன?