உப்பு நிலத்தின் நன்னீர்

புத்தளம் என்றதும் பலருக்கும் நினைவில் எழுவது உப்பளமே. புது அளம் என்பதே புத்தளமாயிற்று என்று பெயர்க்காரணம் கூறுவாரும் உளர். ஒருபுறம் களப்பு, மறுபுறம் முட்புதர்க் காடு, ஆண்டிற் பல மாதங்கள் மழை காணாத வானம். இத்தகைய கரையில் மக்கள் நன்னீரைத் தேடிக்கொண்ட வரலாறு சுவையானது.

1344ஆம் ஆண்டில் மாலைதீவிலிருந்து புறப்பட்ட இபுனு பதூதாவின் கப்பல் இக்கரையை அடைந்தது. பத்தாலா என்று அவர் குறிப்பது புத்தளமே என்பர் அறிஞர். கரையிற் குவிந்து கிடந்த கறுவாவையும், தம்மை வரவேற்ற ஆரியச் சக்கரவர்த்தியையும் அவர் மறவாது எழுதினார். அதே பயணி ஓமான் நாட்டின் நிஸ்வா நகரையும் வருணித்துள்ளார். மலையடிவாரத்தில் தோட்டங்களும் நீரோடைகளும் சூழ்ந்த ஊர் அது. அந்நாட்டில் மலையடி நீரைக் கால்வழியே ஊருக்குக் கொணரும் அமைப்பிற்கு ஃபலஜ் என்று பெயர். அவற்றுள் ஐந்தினை யுனெஸ்கோ 2006இல் உலக மரபுரிமைகளாக ஏற்றது. ஃபலஜின் நீர் முதலிற் குடிப்பதற்கு. பின்னரே பேரீச்சந் தோப்புகளுக்கு. பகலிற் சூரிய நிழலையும் இரவில் விண்மீன்களையும் பார்த்து உழவர் நீர்முறையைக் கணக்கிட்டனர்.

புத்தளத்தில் மலை ஏது என்று கேட்பீர்கள். மலை தொலைவில் இருக்கிறது. மாத்தளைப் பக்கத்துக் குன்றுகளிற் பிறக்கும் கலா ஓயாவே இக்கரைக்கு வந்து கடலோடு கலக்கிறது. அவ்வாற்றை இடைவழியில் மறித்துக் கலாவெவவை எழுப்பியவன் ஐந்தாம் நூற்றாண்டின் தாதுசேனன். அங்கிருந்து அநுராதபுரம் செல்லும் ஜயகங்கை ஏறத்தாழ 54 மைல் நீளமுடையது. அதன் முதற் 17 மைலில் மைலுக்கு ஆறங்குலமே சரிவு! அளவுகருவிகள் மலிந்த இக்காலத்துப் பொறியியலாளரும் வியக்கும் நுட்பம் இது. ஆற்றின் கீழ்ப்பகுதியில், வில்பத்துக் காட்டினுள், பொம்பரிப்பு இருக்கிறது. ஆதிச்சநல்லூரை நினைவூட்டும் ஈமத்தாழிகள் அங்கே அகழ்ந்தெடுக்கப்பட்டன. தாதுசேனனுக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே ஆற்றை நம்பி இங்கு குடியிருந்தோர் விட்டுச் சென்ற அடையாளம் அவை.

எனினும் என் கருத்தில், அரசர் கட்டிய பெருங்குளங்களினும் ஊரார் பேணிய சிறு குளங்களே ஆராயத்தக்கவை. மீ ஓயாப் படுகையிலும் அதன் அயலிலும் ஒன்றன் கீழ் ஒன்றாக அவை தொடர்கின்றன. மேற்குளத்து வயலிலிருந்து கசியும் நீர் கீழ்க்குளத்தை நிரப்பும். அணைக்கட்டிற்கும் வயலுக்கும் இடையே கட்டகடுவ என்னும் மரச்செறிவு ஒன்றை விட்டு வைப்பர். கசிவுநீரின் உவர் வயலைச் சேராமல் அது தடுக்கும். உப்பளத்து அயலார்க்கு இதன் அருமையை விளக்க வேண்டுவதில்லை. மழை பொய்த்த ஆண்டிற் பெத்ம என்னும் வழக்கம் நடைமுறைக்கு வரும். குளத்தை ஒட்டிய தலைமடை வயலை மட்டும் எல்லாரும் தத்தம் உரிமையளவிற்கேற்பப் பங்கிட்டுப் பயிரிடுவர். அவ்வாண்டிற் கடைமடைக்காரனும் தலைமடைக்காரனே. ஓமானியர் நேரத்தைப் பங்கிட்டனர். இவர்கள் நிலத்தையே பங்கிட்டனர்.

கற்பிட்டிக் குடாநாட்டிலோ ஆறுமில்லை, குளத்து வரிசையுமில்லை. மணலில் இறங்கிய மழைநீர், கனத்த உவர்நீரின் மேல் வில்லைபோல் மிதந்து நிற்கிறது, அதுவே கிணற்றுநீர். கடல்மட்டத்திற்கு மேலே அது ஓரடி நின்றால், கீழே சுமார் நாற்பதடி வரை நன்னீர் இருக்கும் என்பது நீரியலார் கணக்கு. எனவே மேலே ஓரடி இறங்கினால், அடியிலுள்ள உவர்நீர் நாளடைவில் நாற்பதடி ஏறிவிடக்கூடும். வெங்காயமும் மிளகாயும் விளையும் இம்மணலில், இயந்திரங்கள் இறைக்கும் வேகம் பெரிது. இட்ட உரத்தின் நைத்திரேற்று கிணற்றுநீரிற் கலந்திருப்பதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. ஃபலஜிற்கு முறைகாரர் உண்டு. குளத்திற்கு வெல்விதானை இருந்தார். கற்பிட்டியின் மணலடி நீரை அவரவர் தத்தம் கிணற்றிலிருந்து தத்தம் விருப்பப்படியே இறைத்து வருகின்றனர்.