கொந்தராத்தும் கைத்திறனும்

வீடு கட்டத் தெரிந்தவன் யார் என்பது ஒரு கேள்வி. வீடு கட்டும் ஒப்பந்தத்தைப் பெறத் தகுந்தவன் யார் என்பது வேறொரு கேள்வி. இவ்விரு கேள்விகளுக்கும் இடையே எழுந்த சுவரின் வரலாறே ஒப்பந்தகாரர் பதிவின் வரலாறு.

பண்டை இலங்கையில் குளமும் பாதையும் இராசகாரியம் என்ற கட்டாய ஊழியத்தால் எழுந்தன. கோல்புரூக் ஆணைக்குழுவின் சிபார்சின்படி 1832இல் அது ஒழிக்கப்பட்டது. ஆயின் 1848ஆம் ஆண்டின் வீதிச் சட்டம், வளர்ந்த ஆடவர் ஆண்டுக்கு ஆறு நாள் வீதியில் உழைக்க வேண்டும், அல்லது அதற்கீடாகப் பணம் செலுத்த வேண்டும் என்று விதித்தது. அவ்வாண்டே மாத்தளையிலும் குருநாகலிலும் மூண்ட கிளர்ச்சிக்கு இதுவும் ஒரு காரணம். தோட்டங்கள் பெருகின; அவற்றுக்கு வீதிகள் வேண்டியிருந்தன. அரசுக்கும் உழைப்பாளிக்கும் நடுவே கொந்தராத்துக்காரன் நிலைபெற்றான்.

கிழக்கிலே 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியது. இங்கினியாகலை அணையைக் கட்டும் பொறுப்பு அமெரிக்காவின் மொரிசன் நுட்சன் கம்பனிக்குச் சென்றது. பெருமுதலும் பெரும் யந்திரமும் இல்லாத கல்முனைக் கரையின் மேசனும் ஓடாவியும் அங்கே ஒப்பந்தகாரராக நிற்க முடியாது என்பது சொல்லாமலே விளங்கும். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாயிற்று. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் எனத் தமிழ் பேசும் ஊர்கள் கடலோரத்தில், கச்சேரியோ உள்நாட்டில். தமிழும் அரசகரும மொழியென அரசியலமைப்பு ஏற்றது 1987இல்தான். ஒப்பந்தப் பத்திரங்களின் மொழியோ பெரும்பாலும் ஆங்கிலமாகவே நிலைத்தது.

1986இல் நிர்மாணத்துறைப் பயிற்சி அபிவிருத்தி நிறுவகம் அமைந்தது. ஒப்பந்தகாரரைத் தரம் பிரித்துப் பதியும் பணி அதன்பாற்பட்டது. 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் அப்பொறுப்பை நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபையிடம் ஒப்படைத்தது. சிறியவர் சி-9 என்ற கீழ்ப்படியில் தொடங்கி மேலேற வேண்டும். நிதிவலு, தொழில்நுட்ப உத்தியோகத்தர், உபகரணம், முன்பு முடித்த வேலைகள் ஆகியன படிகளைத் தீர்மானிக்கும்.

இங்கேதான் முரண்பாடு. பெரிய வேலை செய்த அனுபவம் இல்லையேல் உயர்தரம் இல்லை. உயர்தரம் இல்லையேல் பெரிய வேலை இல்லை. எனவே சிறியவர் பெரியவரிடம் உப கொந்தராத்து எடுக்கிறார். சுவரை எழுப்புபவர் அவர். அனுபவம் பதிவாவதோ பெரியவரின் பெயரில். பிணைப்பணத்துக்கு வங்கி காணி உறுதி கேட்கிறது. நிலம் அருகிய இக்கரையில் உறுதி உடையோர் எத்தனை பேர்? பட்டியல் பணம் தாமதித்தால் முதலில் நிற்பது கூலியாளின் கூலி. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் அரச வேலைகள் நின்று, பட்டியல்கள் தேங்கியபோது இவ்வுண்மை நாடெங்கும் வெளிப்பட்டது.

அப்படியாயின் பதிவுமுறையே வேண்டாமா? அவ்வாறு கூறுவது பேதைமை. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. அதன்பின் எழுந்த வீடுகளில் கம்பியின் கனமும் சீமெந்தின் அளவும் மக்களின் உயிர்ப் பிரச்சினை. உப்புக்காற்றில் கம்பி துருப்பிடிக்கும். கலவையில் களவு செய்தவன் தப்பிவிடுவான், குடியிருப்பவன் தப்பமாட்டான். தரத்துக்குப் பொறுப்பேற்கும் ஒரு பெயர் பத்திரத்தில் இருக்கத்தான் வேண்டும்.

ஆகவே எமது வாதம் பதிவுக்கு எதிரானதன்று. பதிவு எதை அளக்கிறது என்பது பற்றியது. முதலை மட்டும் அளந்தால் அது முதலாளிக்குக் காவல். திறனையும் அளந்தால் அது மக்களுக்குக் காவல். 2006ஆம் ஆண்டின் அரச கொள்வனவு வழிகாட்டி, கிராம அபிவிருத்திச் சங்கம் போன்ற மக்கள் அமைப்புகள் சிறு வேலைகளை நேரடியாக ஏற்க ஒரு வாசலைத் திறந்தது. அவ்வாசலை அகலமாக்க வேண்டும். மேசன்மாரின் கூட்டுறவுகள் பதிவு பெற வேண்டும். உப கொந்தராத்தில் செய்த வேலை, செய்தவர் பெயரிலேயே எழுதப்பட வேண்டும். கேள்விப்பத்திரம் தமிழில் கிடைக்க வேண்டும். தொழிலாளியின் பிள்ளைக்கு மதிப்பீட்டுக் கணக்கைக் கற்பிக்கும் ஆசிரியரும் இப்போராட்டத்தில் பங்காளியே.

கல்லை அடுக்கிய கைக்குப் பத்திரத்திலும் இடம் கிடைக்கும் நாளில்தான் அச்சுவர் இடியும்.