அடையாற்றங்கரை யுத்த தர்மம்

அடையாற்றிலிருந்து மயிலாப்பூருக்குப் பஸ்ஸில் போகிறவர்கள், திரு.வி.க. பாலத்தின் மேல் வலது கைப் பக்கம் திரும்பிப் பார்த்தால், ஆறு அகலமாக விரிந்து, மணல் திட்டுகளுக்கு நடுவே சோம்பலாகக் கடலை நோக்கிப் போவதைக் காணலாம். 1746-ஆம் வருஷம் இந்த முகத்துவாரத்தை ஒட்டி ஒரு யுத்தம் நடந்தது. அது நடந்த நேரம் கொஞ்சந்தான். ஆனாலும், இந்தியாவின் தலையெழுத்தை மாற்றிய யுத்தங்களில் அதையும் சேர்த்துச் சொல்லுகிறார்கள் சரித்திரக்காரர்கள். அந்தப் பெருமையை விஸ்தரிப்பது என் நோக்கமல்ல. அந்த யுத்தத்துக்கு முன்னும் பின்னும் சண்டைக்கென்று போட்ட சட்டங்களைப் பற்றியும், அவை ஒவ்வொன்றாகக் காற்றில் பறந்த விதத்தைப் பற்றியுமே சொல்ல விரும்புகிறேன்.

சண்டைக்குக்கூடச் சட்டம் உண்டா என்று வாசகர்கள் கேட்கலாம். கம்ப்யூட்டரில் விளையாடும் இந்தக் காலத்துப் பிள்ளைகளைக் கேட்டால், உண்டு என்று அடித்துச் சொல்வார்கள். உலகத்தின் பல மூலைகளில் இருப்பவர்கள் ஒரே கற்பனை ராஜ்யத்தில் கூடி விளையாடும் விளையாட்டுக்கள் இருக்கின்றன. ஆளுக்கு ஒரு வேஷம், ஒரு ஜாதி, ஒரு பகைவர் கூட்டம். 1997-இல் வந்த 'அல்டிமா ஆன்லைன்' என்ற விளையாட்டில், காவல் உள்ள ஊரெல்லையைத் தாண்டினால் யாரும் யாரையும் வெட்டலாம் என்று இருந்தது. கைதேர்ந்தவர்கள் வழியில் காத்திருந்து, புதிதாக வருகிறவர்களைக் கொன்று கொள்ளையடித்தார்கள். கடைசியில் 2000-இல் அந்த உலகத்தையே இரண்டாக்கி, சம்மதமில்லாதவரைக் கொல்ல முடியாத ஓர் உலகத்தைத் தனியாக வைத்தார்கள். 2004-இல் வந்த 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' இந்தச் சட்டங்களை இன்னும் நுணுக்கமாக்கியது. எந்தப் பிரதேசத்தில் எந்த இனத்தார் எந்த இனத்தாரைத் தாக்கலாம், யார் போர்க்கொடி ஏற்றியவர், யார் ஏற்றாதவர் என்றெல்லாம் அதில் கணக்கு உண்டு.

இந்த மூன்று கேள்விகளும், அதாவது எந்த இடத்தில், யாரோடு யார், எந்தக் கொடியின் கீழ் என்பவை, நம் சோழமண்டலக் கரையில் இருநூற்றெண்பது வருஷங்களுக்கு முன்னால் நிஜ மனிதர்களின் உயிரை வைத்துக் கேட்கப்பட்டவை.

1744-இல் இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் யுத்தம் மூண்டது. ஐரோப்பாவில் ஆஸ்திரியா நாட்டுச் சிம்மாசனம் யாருக்கு என்ற தகராறில் தொடங்கிய யுத்தம் அது. சென்னைப் பட்டணத்தில் மிளகும் துணியும் வியாபாரம் செய்த இங்கிலீஷ் கும்பினிக்கும், புதுச்சேரியில் அதே வியாபாரம் செய்த பிரெஞ்சுக் கும்பினிக்கும் அதனால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை. புதுச்சேரி கவர்னர் டூப்ளே, "நாம் இங்கே சண்டையிட வேண்டாம்" என்ற கருத்தில் சென்னை கவர்னர் மோர்ஸுக்கு எழுதினார். மோர்ஸின் பதில் வக்கீல் மூளையில் பிறந்தது போல் இருந்தது. கும்பினியைப் பற்றித் தாம் பேசலாம். ராஜாவின் கப்பல்களைக் கட்டுப்படுத்தத் தமக்கு அதிகாரமில்லை. சொன்னபடியே ராஜாவின் கப்பல்கள் பார்னெட் என்பவரின் தலைமையில் வந்து, பிரெஞ்சு வியாபாரக் கப்பல்களைக் கடலில் பிடித்துக்கொண்டன.

டூப்ளே உடனே ஆற்காட்டு நவாப் அன்வருதீனிடம் முறையிட்டார். கர்நாடக தேசம் நவாபின் ஆட்சியில் இருந்தது. இரண்டு கும்பினியாரும் அவருடைய பூமியில் குடியிருந்து வியாபாரம் செய்தவர்கள். தம்முடைய பூமியில் இந்த வெள்ளைக்காரர்கள் ஒருவரையொருவர் தாக்கக் கூடாது என்று நவாப் உத்தரவிட்டார். இங்கிலீஷ்காரர் பணிந்தார்கள், புதுச்சேரி பிழைத்தது. தரையில் சண்டை கூடாது, கடலில் செய்துகொள் என்பதுதான் அப்போதைய சட்டம்.

மறு வருஷம் காற்று மாறி அடித்தது. மொரீஷியஸ் தீவிலிருந்து லபூர்தொனே என்ற பிரெஞ்சுத் தளபதி கப்பற்படையோடு வந்தார். நாகப்பட்டினத்துக்கு எதிரே ஒரு சண்டை நடந்தது. முடிவு தெரியாமலே இங்கிலீஷ் கப்பல்கள் ஒதுங்கிப் போய்விட்டன. 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர் சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டார்கள். இப்போது நவாபிடம் ஓடுவது இங்கிலீஷ்காரரின் முறை. ஆனால் அவர்களுடைய தூதன் நஜர் ஒன்றும் இல்லாமல் வெறுங்கையோடு போனான் என்றும், நவாப் சுறுசுறுப்புக் காட்டவில்லை என்றும் பழைய சரித்திரங்கள் கூறுகின்றன. கோட்டை சில நாட்களில் பணிந்தது.

லபூர்தொனே கெட்ட மனிதர் அல்ல. பதினோரு லட்சம் வராகன் கொடுத்தால் பட்டணத்தைத் திருப்பித் தருவதாக ஒப்பந்தம் செய்தார். பிடிபட்ட இங்கிலீஷ்காரர்கள், பிரெஞ்சுக்காரருக்கு எதிராக ஆயுதம் எடுப்பதில்லை என்று சத்தியம் செய்து கொடுத்துவிட்டு வெளியே நடமாடினார்கள். இதற்கிடையே டூப்ளே, சென்னையைப் பிடித்ததும் அதைத் தங்களிடமே ஒப்படைப்பதாக நவாபுக்கு ஆசை காட்டியிருந்தார். ஆக, ஒரே பட்டணம் இரண்டு பேருக்கு வாக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. கொடுத்தவர்களும் இரண்டு பேர். அவர்களுக்குள்ளும் பேச்சுவார்த்தை இல்லை!

அக்டோபரில் அடித்த புயல் லபூர்தொனேயின் கப்பல்கள் பலவற்றை நாசமாக்கியது. மனம் நொந்து அவர் போனார். டூப்ளே பட்டணத்தை நவாபுக்கும் தரவில்லை, இங்கிலீஷ்காரருக்கும் தரவில்லை. நவாபின் மகன் மாபூஸ் கான் பெரும் சேனையோடு வந்து சென்னையைச் சூழ்ந்தான். கோட்டையிலிருந்து புறப்பட்ட பிரெஞ்சுக்காரரின் பீரங்கி வேகத்தைக் கண்டு திகைத்துத் தெற்கே சாந்தோமுக்கு நகர்ந்தான். அவர்கள் ஒரு முறை சுட்டபின் மறுபடி சுட வெகு நேரமாகும் என்று நவாபின் சேனை நினைத்திருந்தது. அந்த நினைப்பு அங்கேயே பொய்த்தது.

புதுச்சேரியிலிருந்து பராதி என்ற சுவிட்சர்லாந்து தேசத்து இஞ்சினீயர் சுமார் ஆயிரம் பேரோடு வந்துகொண்டிருந்தார். அவர்களில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். அடையாற்றின் அக்கரையில் நவாபின் சேனை நின்றது. பத்தாயிரம் பேர் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. பராதி பீரங்கி இல்லாமல் வந்தார். ஆற்றில் இறங்கி, கடந்து, கரையேறி, வரிசையாகச் சுட்டுவிட்டுத் துப்பாக்கி முனைக் கத்திகளோடு பாய்ந்தார். நவாபின் சேனை கலைந்து சாந்தோம் தெருக்களில் புகுந்தது. மூட்டை முடிச்சுகளும் மனிதர்களும் அடைத்துக்கொண்டிருந்த அந்தத் தெருக்களில், குடிகளின் வீட்டு வாசல்களுக்கு முன்னாலேயே பிரெஞ்சுத் துப்பாக்கிகள் வெடித்தன. இங்கிலீஷ்காரரின் பழைய பஞ்சாங்கப்படி அன்று அக்டோபர் 24. பிரெஞ்சுக்காரருக்கு நவம்பர் 4. இரண்டு கட்சிக்கும் தேதியில்கூட ஒற்றுமை இல்லை.

வெற்றி வந்ததும் டூப்ளே, லபூர்தொனேயின் ஒப்பந்தம் செல்லாது என்று அறிவித்தார். கவர்னர் மோர்ஸையும் மற்றவர்களையும் புதுச்சேரிக்குக் கொண்டுபோய் ஊர்வலம் விட்டார்கள். 'நீங்கள் வாக்கைக் குலைத்தால் எங்கள் சத்தியமும் குலைந்தது' என்று சொல்லிச் சில இங்கிலீஷ்காரர் மாறுவேஷத்தில் தப்பி, கடலூரை அடுத்த டேவிட் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களில் இருபத்தொரு வயதுக் குமாஸ்தா ஒருவன் இருந்தான். பெயர் ராபர்ட் கிளைவ். ஒரு ஒப்பந்தத்தைக் கிழித்ததில் டூப்ளேக்குக் கிடைத்த லாபத்தில் இந்தப் பையனையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்!

1748-இல் ஐரோப்பாவில் சமாதானமாயிற்று. அமெரிக்கக் கண்டத்திலுள்ள லூயிபூர்க் கோட்டையைப் பிரெஞ்சுக்காரருக்குத் திருப்பிக் கொடுத்து, 1749-இல் சென்னையை இங்கிலீஷ்காரர் திரும்பப் பெற்றார்கள். அதே வருஷம் மயிலாப்பூரையும் சாந்தோமையும் தங்கள் வசப்படுத்திக்கொண்டார்கள். ராஜாக்கள் கைகுலுக்கிய பிறகு கும்பினியார் சண்டையிடக் கூடாதே! அதற்கும் வழி கண்டார்கள். சந்தா சாகிபுக்குத் துணையாகப் பிரெஞ்சுக்காரர், அன்வருதீனின் மகன் முகம்மது அலிக்குத் துணையாக இங்கிலீஷ்காரர் என்று கூலிப்படை வேஷம் போட்டுக்கொண்டார்கள். 1750-இல் புதுச்சேரிக்கு அருகே இரு படைகளும் எதிரெதிரே நின்றபோது நடந்ததை, அக்காலத்துச் சரித்திர ஆசிரியர் ஓர்ம் எழுதியிருக்கிறார். ஐரோப்பிய ரத்தம் சிந்துவது தம் எண்ணமல்ல, ஆனால் இங்கிலீஷ்காரர் நிற்கும் இடம் தெரியாததால் குண்டு தவறி விழுந்தால் குற்றம் சொல்லக் கூடாது என்று பிரெஞ்சுத் தளபதி செய்தி அனுப்பினார். எங்கள் கொடி தெரியும்படி பறக்கிறது. எங்கள் பக்கம் குண்டு வந்தால் பதிலுக்குக் குண்டு வரும் என்று இங்கிலீஷ் தளபதி லாரன்ஸ் சொல்லியனுப்பினார். குண்டு வந்தது, பதிலும் போயிற்று.

இதையெல்லாம் புதுச்சேரியில் இருந்தபடி தமிழில் நாள்தோறும் எழுதி வைத்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. சென்னையை அடுத்த பெரம்பூரில் பிறந்து டூப்ளேயின் துபாஷ் ஆனவர். பட்டணத்து ஜனங்கள் பட்ட பாடும் அந்தத் தினசரியில் இருக்கிறது. சென்னையைப் பிடித்திருந்த காலத்தில் பிரெஞ்சுக்காரர் கோட்டையை ஒட்டியிருந்த கறுப்பர் பட்டணத்தில் ஒரு பகுதியை இடித்தார்கள். மிச்சமிருந்ததில் பலவற்றைக் கோட்டைக்கு முன் வெளி வேண்டுமென்று இங்கிலீஷ்காரர் இடித்தார்கள். 1757-இல் சென்னகேசவப் பெருமாள் கோயிலும் அதில் போயிற்று.

புறநானூற்றில் நெட்டிமையார் பாடிய ஒரு பாட்டு இருக்கிறது. பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி அம்பு விடுமுன் பறைசாற்றுவானாம்: பசுக்களும், பிராமணரும், பெண்டிரும், நோயாளிகளும், பிள்ளைப்பேறு இல்லாதவரும் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுங்கள் என்று. எல்லா அரசரும் அப்படி நடந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. பகைவர் நாட்டில் கழுதை பூட்டி உழுததையும் அதே நூலில் பாடியிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பறை முதலில் யாரை நினைத்தது என்பதைக் கவனிக்க வேண்டும். சண்டையிட முடியாதவர்களை நினைத்தது. நவாபின் உத்தரவும், பதினோரு லட்சம் வராகனும், சத்தியமும், லாரன்ஸின் கொடியும் சண்டையிடுகிறவர்களை மட்டுமே நினைத்தன. சாந்தோம் தெருவில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நடுங்கியவனைப் பற்றி அந்தச் சட்டங்கள் எதிலும் ஒரு வரி இல்லை.

கம்ப்யூட்டர் விளையாட்டை நடத்துகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. புதிதாக வந்தவனை வழியில் கொல்லாதே என்று சட்டம் போட்டால், அங்கே கத்தியே வெட்டாது. 1746-இல் சட்டம் போட்ட நவாபுக்கு அந்த வசதி இல்லை. தம் சட்டத்தை மீறியவர்களைத் தண்டிக்க மகனை அனுப்பினார். அடையாற்றங்கரையில் மகன் தோற்றான். மூன்று வருஷம் கழித்து ஆம்பூர்ப் போரில், பிரெஞ்சுக்காரரும் எதிர்ப்பக்கத்தில் நிற்க, நவாப் உயிரையே கொடுத்தார். அதற்குப் பிறகு இந்தக் கரையில் சண்டைக்குச் சட்டம் சொல்லும் உரிமை, சண்டையிட்டவர்களிடமே போய்ச் சேர்ந்தது.