மாத்திரையும் கட்டமும்

குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு, மெய் அரை. இது காதுக்கான அளவு. கணினியின் டெர்மினல் திரை வேறோர் அளவை வைத்திருக்கிறது: கட்டம். இந்தக் கட்டம் யாருடைய எழுத்தை வைத்து வெட்டப்பட்டது என்பது தொழில்நுட்பக் கேள்வி மட்டுமல்ல.

1928இல் ஐபிஎம் நிறுவனம் 80 பத்தி கொண்ட துளை அட்டையைக் கொண்டுவந்தது. பத்திக்கு ஓர் எழுத்து. 1978இல் வந்த விடி100 டெர்மினலிலும் வழக்கமான வரிக்கு 80 கட்டம்தான். ஓர் எழுத்தை அடித்தால் கர்சர் ஒரு கட்டம் நகரும். ஆங்கிலத்தின் பழக்கம் எந்திரத்தின் இயற்கையாகிப் போனது இப்படித்தான்.

அதே 1978இல் ஜப்பான் தன் காஞ்சி எழுத்துகளுக்குத் தேசியத் தரம் வகுத்தது. எழுத்துக்கு இரண்டு பைட். திரையில் இரண்டு கட்டம். அது 'முழு அகலம்' ஆனதும் ஆங்கில எழுத்து 'அரை அகலம்' ஆயிற்று. அளவுகோலையே புரட்டிப் போட்டார்கள். பின்னால் அரசும் தொழிலும் நின்றன. பிறகு வந்த யூனிகோட், கிழக்காசிய அகலத்துக்கென்றே தனி அட்டவணை வைத்திருக்கிறது.

நமக்கு? கட்டங்களை எண்ண மார்க்குஸ் கூன் எழுதிய சிறு நிரலைப் பல டெர்மினல்கள் பின்பற்றின. யூனிகோட் இகரக் கொக்கியை இடம் அடைக்கும் குறி என்கிறது. ஈகாரக் கொக்கியையும் புள்ளியையும் இடம் அடைக்காதவை என்கிறது. அதன்படி எண்ணினால் 'கி'க்கு இரண்டு கட்டம், 'கீ'க்கு ஒன்று. குறில் நெடிலாச்சு, நெடில் குறிலாச்சு!

'கீழ்வெண்மணி' என்று ஒரு கோப்புக்குப் பெயர் வையுங்கள். நம் கணக்கில் 6 எழுத்து. யூனிகோடில் 11 குறியீடு. கூன் கணக்கில் 8 கட்டம். டெர்மினலும் அதில் ஓடும் நிரலும் தனித்தனியே எண்ணுகின்றன. கணக்கு ஒத்துப்போகாவிட்டால் கர்சர் தடம் மாறும்; ஓரிடத்தில் அழித்தால் இன்னோரிடத்தில் அழியும்.

இதில் யாருடைய சதியும் இல்லை. அளவு வகுத்த இடத்தில் நாம் இல்லை, அவ்வளவுதான். சில புதிய டெர்மினல்கள் குறியீடுகளைச் சேர்த்து முழு எழுத்தாக எண்ணத் தொடங்கியிருக்கின்றன. அங்கேயும் கேள்வி தீரவில்லை: மூன்று உருவாக விரியும் 'கௌ'வுக்கு எத்தனை கட்டம்? அந்த நிரல்கள் பலவும் திறந்தே கிடக்கின்றன. பதிலை நாம் சொல்லாவிட்டால், தமிழ் வாசிக்கத் தெரியாத ஒருவர் நல்லெண்ணத்தோடு சொல்லிவிடுவார்.