விடுதி அறையும் வீட்டுக் கிணறும்

சென்ற வாரம் மெல்பேர்ணிலிருந்து பேத்தி தொலைபேசியில் அழைத்தாள். பல்கலைக்கழகத்தில் இது அவளுக்கு முதலாம் ஆண்டு. விடுதியில் நான்கு நிமிடத்துக்குள் குளித்து முடிக்க வேண்டுமாம். குப்பைக்கு வெவ்வேறு நிறத்தில் தொட்டிகளாம். மின்சாரத்தைக் குறைவாகச் செலவிடும் மாடிக்குப் பரிசும் உண்டாம். "அம்மப்பா, நீங்கள் படித்த காலத்தில் விடுதியில் இதெல்லாம் இருந்ததா?" என்று கேட்டாள். சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. 'நிலைபேறான வாழ்வு' என்று இன்று மாநாடு கூட்டிப் பேசும் விடயத்துக்கும் எங்கள் விடுதி வாழ்வுக்கும் என்ன உறவு? இக்குறிப்பு அக்கேள்வியின் விளைவு.

எழுபதுகளின் தொடக்கத்தில் பெரியநீலாவணையிலிருந்து பேராதனைக்குப் புறப்பட்டபோது என்னிடம் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதற்குள் பக்கத்து ஊரான மருதமுனையின் கைத்தறியில் நெய்த இரு சாரங்கள், ஒரு பன்பாய், எனாமல் கோப்பை, ஒரு போத்தல் நல்லெண்ணெய். அடியில் துணி சுற்றிய கொஞ்சம் அரிசி. அரிசியை ஒளித்த காரணத்தை இன்றைய இளைஞர்களுக்குச் சொல்ல வேண்டும். குறிப்பிட்ட அளவுக்கு மேல் அரிசியை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுசெல்ல அன்று தடை. மகியங்கனை வழியாகச் செல்லும் பேருந்தைச் சோதனைச் சாவடியில் நிறுத்திப் பொதிகளைக் குத்திப் பார்ப்பார்கள். நெல் விளையும் மண்ணிலிருந்து வருபவன் இரண்டு கொத்து அரிசிக்காக நெஞ்சு படபடக்க அமர்ந்திருப்பான்.

அந்தச் சாரங்கள் நான்கு ஆண்டுகள் உழைத்தன. ஒன்று பின்னர் அறை துடைக்கும் துணியாயிற்று.

நான் சென்று சேர்ந்த வளாகமோ வேறொரு கனவில் பிறந்தது. 1942 இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952 இல் பேராதனைக்குப் பெயர்ந்தது. சேர் ஐவர் ஜெனிங்ஸ் முதல் துணைவேந்தர். வளாகத் திட்டத்தை வகுத்தவர்கள் பற்றிக் அபர்குரொம்பியும் கிளிபர்ட் ஹொலிடேயும். கட்டடங்களுக்கு உருவம் தந்தவர் சேர்லி டி அல்விஸ். மகாவலிக்கும் அந்தனை மலைக்கும் நடுவே, நிலத்தின் ஏற்ற இறக்கத்தை அனுசரித்து, மரங்களுக்கிடையே விடுதிகளை எழுப்பினார்கள். அருணாசலம், இராமநாதன், ஜயதிலக்க, ஹில்டா ஒபேசேகர என அவற்றுக்குப் பெயர்கள். பல்கலைக்கழகம் பேராதனையிலேயே அமைய வேண்டுமென வாதாடிய நீதியரசர் எம். ரி. அக்பரின் பெயரும் ஒரு விடுதிக்கு உண்டு. காற்றும் வெளிச்சமும் தாராளமாக நுழையும் கட்டடங்கள் அவை; விசிறி தேவைப்படவில்லை. அந்த அளவில் இன்றைய சூழலியலாளர்கள் மெச்சக்கூடிய வேலைதான். ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது. மாணவனுக்குத் தனியறை, உணவு மேசையில் பரிமாறப் பணியாளர், ஆங்கிலேய முறை இராவிருந்து என்றிருந்த அந்த வாழ்வு பிறர் உழைப்பின் மீது நின்றது. தட்டைக் கழுவாதவனுக்குத் தண்ணீரின் அருமை எப்படித் தெரியும்?

தாய்மொழி மூலம் கற்ற முதல் அணியினர் 1960 இல் பல்கலைக்கழகத்துள் நுழைந்தனர். கிராமத்துப் பிள்ளைகளுக்கு வாசல் திறந்தது. விடுதிகளில் கட்டில்கள் நெருங்கின. நான் சென்ற வேளையில் ஒருவருக்கென அமைத்த அறையில் மூவர் இருந்தோம். இடம் கிடைக்காத நண்பன் ஒருவன் என் பன்பாயில் ஓர் ஆண்டு முழுவதும் படுத்துறங்கினான். வெளியே பாணுக்கு வரிசை. உணவகங்களில் வாரத்தில் இரு நாட்கள் சோறு பரிமாறத் தடை. மரவள்ளி தின்னாதவர் அன்று நாட்டில் எவருமிலர். பழைய கொப்பிகளின் எழுதாத பக்கங்களைத் தைத்துப் புதிய கொப்பி செய்தோம். மிகக் குறைவாகவே நுகர்ந்தோம் என்பதில் ஐயமில்லை. எனினும் அது நாங்களாகத் தெரிவுசெய்த வாழ்வன்று.

தொண்ணூறுகளின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் கற்றவர்களைக் கேட்டால் இதைவிடக் கடுமையான கதையைச் சொல்வார்கள். 1990 முதல் குடாநாட்டில் மின்சாரமில்லை. மண்ணெண்ணெய் பொன்னைப் போன்றது. ஜாம் போத்தலுக்குள் சிறிதளவு எண்ணெய் விட்டுத் திரி கொளுத்தி, அந்த மினுக்கொளியில் பட்டப்படிப்பை முடித்தவர்கள் அவர்கள். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். சவர்க்காரம் கிடைக்காதபோது பனம்பழத்தால் துணி துவைத்தார்கள். வெளிநாட்டு நண்பர் ஒருவர் இவற்றைக் கேட்டுவிட்டு, "உலகத்துக்கே முன்மாதிரி" என்று வியந்தார். எனக்குக் கோபம் வந்தது. முற்றுகையை முன்மாதிரி என்று சொல்லலாமா?

கிழக்கில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். 1981 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986 இல் கிழக்குப் பல்கலைக்கழகமான வந்தாறுமூலை வளாகம், 1990 இல் போர் மீண்டும் மூண்டபோது அகதி முகாமாயிற்று. மாணவர் நடமாடிய இடங்களில் குடும்பங்கள் அடுப்பு மூட்டின. அவ்வாண்டு செப்டெம்பர் 5 ஆம் திகதி அங்கிருந்து படையினரால் கொண்டுசெல்லப்பட்ட 158 பேர் திரும்பவில்லை. அவ்வளாகத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த எண்தான்.

இனி என் ஊருக்கு வருகிறேன். கவிஞர் நீலாவணன் தம் புனைபெயரிலேயே தூக்கிச் சென்ற ஊர் இது. கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவே மணல். இந்த மணலுக்கு அடியில் மழைநீர் ஒரு வில்லையைப் போல உப்புநீரின்மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலார் கூறும் கணக்கு. மேலே ஓரடி குறைந்தால் கீழேயிருந்து உப்பு எவ்வளவு ஏறும் என்பதை இதிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம். என் தாயாருக்கு இக்கணக்குத் தெரியாது. ஆனால் கிணற்றடியில் குளித்த நீர் வாழைக்கு ஓட வாய்க்கால் வெட்டியிருந்தார். மலகூடம் கிணற்றுக்கு எட்டத்தில் இருக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். வாளியால் அள்ளும் கிணறு ஊறுவதற்கு நேரம் கேட்கும், அதைக் கொடுத்தோம்.

2004 டிசெம்பர் 26 இல் ஆழிப்பேரலை எங்கள் கரையை அழித்தபோது அக்கிணறுகளும் உப்பாயின. நல்லெண்ணத்தோடு பலர் இயந்திரம் வைத்துத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். அளவுக்கு மீறி இறைத்த கிணறுகளில் கீழிருந்த உப்புநீர் மேலேறியதென ஆய்வாளர்கள் பின்னர் கண்டார்கள். கிணறுகளை மீட்டது மாரி மழைதான்.

எங்கள் ஊருக்குத் தெற்கே, இதே கரையில், ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. போரினால் கல்வி தடைப்பட்ட தமிழ் பேசும் முஸ்லிம் மாணவர்களுக்காக, அமைச்சராயிருந்த எம். எச். எம். அஷ்ரபின் பெருமுயற்சியால், 1995 ஒக்டோபரில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி மறு ஆண்டே முழுமை பெற்றது. இன்று நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் மாணவர் வந்து தங்குகின்றனர். விடுதியில் இடம் கிடைக்காதோர் சுற்று ஊர்களின் வீடுகளில் 'போடிங்' இருக்கின்றனர். குழாய் நீர் வந்துவிட்டதால் எவரும் கிணற்றை எட்டிப் பார்ப்பதில்லை. குப்பையின் கதியையும் அப்படித்தான் விட்டோம். இம்மாவட்டத்தின் பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் பிளாஸ்ரிக் தின்று எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் இறந்தன என்ற செய்தி 2022 ஜனவரியில் உலகெங்கும் வெளியாயிற்று. யானை நுழையாதிருக்கப் போட்ட மின்வேலி 2014 இல் இடி விழுந்து பழுதடைந்து, திருத்தப்படாமலே கிடந்ததாம். ஒன்பது ஊர்களின் குப்பை அங்கே சேர்ந்தது என்றார்கள். ஊரார் குப்பையா, மாணவர் குப்பையா என்று யானை பிரித்தறியுமா?

அதே 2022 இல் டொலர் வறண்டு, மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணிநேரம்வரை மின்வெட்டு வந்தது. சமையல் எரிவாயுவும் இல்லை. அப்போது உறவுக்காரப் பையன் ஒருவன் ஒலுவிலருகே போடிங்கில் இருந்தான். நண்பர்களோடு வளவில் மூன்று கல் வைத்துச் சமைத்தான். தென்னம்பாளை, கொக்காரை, பன்னாடை என எரியக்கூடியவற்றின் பெயர்களை எல்லாம் வீட்டுக்கார உம்மாவிடம் கற்றான். கழுவிய நீரை மரவள்ளிக்கு ஊற்றினான். ஐம்பது ஆண்டுகளுக்கு முந்திய என் பேராதனை அறை எனக்கு நினைவுக்கு வந்தது, அவனிடம் சொல்லவில்லை.

நெருக்கடி தணிந்த பின் ஒருமுறை அவ்வீட்டுக்குப் போனேன். அவன் படித்து முடித்துப் போய்விட்டான். வேறு பிள்ளைகள் இருந்தார்கள். வளவில் மரவள்ளி இல்லை. அந்த மூன்று கற்களும் இருந்தன. அவற்றின்மேல் பலகை போட்டு, கடையில் வாங்கிய தண்ணீர்ப் போத்தல்களை அடுக்கியிருந்தார்கள். கிணறு நாலடி தள்ளி, தகரத்தால் மூடிக் கிடந்தது.