மெய்நிகர் திரைப்படமும் பார்வையாளர் உணர்வும்

கண்ணில் மாட்டிய கருவியின் வழியே, தலையைத் திருப்பும் திசையெல்லாம் காட்சி விரியும்படி அமைந்த படம் மெய்நிகர் திரைப்படம் எனப்படும். இதில் பார்வையாளர் காட்சிக்கு முன்னே அமர்வதில்லை, உள்ளே நிற்கிறார். அதனால் எழும் உணர்வு புதியதன்று. அதற்குச் சென்னையிலும் ஒரு முன்வரலாறு உண்டு.

1896 சூலை 7 அன்று பம்பாய் வாட்சன் ஓட்டலில் காட்டப்பட்ட லூமியேர் படங்களுள் ஒன்று, நிலையத்துக்குள் ரயில் வரும் காட்சி. பாரிசில் அதைக் கண்டவர்கள் அஞ்சி ஓடினர் என்னும் கதையை ஆய்வாளர் பலர் ஏற்பதில்லை. இராயபுரத்திலிருந்து 1856 முதலே ரயில் ஓடியதால், வடசென்னையினருக்கு ரயில் பழகிய பொருள். திரையில் நிழல் அசைவதுதான் வியப்பு. அந்த வியப்பை அன்றாடக் காட்சியாக்கியவர்களுள் ஒருவர் ரகுபதி வெங்கையா. கெயிட்டி அரங்கைத் தொடர்ந்து தங்கசாலைத் தெருவில் கிரவுன் அரங்கை அவர் அமைத்தார். பின்னர் முப்பரிமாணப் படங்கள் வந்தன. மலையாளத்தில் 1984 இல் 'மை டியர் குட்டிச்சாத்தான்', தமிழில் 1985 இல் 'அன்னை பூமி' வெளியாயின. திரையிலிருந்து நீண்டுவரும் பொருளைப் பிடிக்கப் பார்வையாளரின் கை தானே எழுந்தது.

சென்னையைச் சேர்ந்த ஏ. ஆர். ரகுமான் இயக்கிய 'லே மஸ்க்' 2022 இல் கான் நகரில் காட்டப்பட்டது. இந்த மெய்நிகர்ப் படத்தில் இருக்கை அசையும், மணமும் வரும்.

சிரிய அகதிச் சிறுமி ஒருத்தியைப் பற்றிய மெய்நிகர்ப் படத்தை இணைந்து உருவாக்கிய கிறிஸ் மில்க், 2015 இல் இக்கருவியைப் பரிவை உண்டாக்கும் எந்திரம் என்றார். இதை ஓரளவு சோதித்தது 2018 இல் வெளிவந்த ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வு. வீடிழந்தவரின் நிலையை மெய்நிகரில் கண்டோரும் எழுத்தில் படித்தோரும் ஏறத்தாழ ஒரே அளவு பரிவையே தெரிவித்தனர். ஆனால் மலிவு வீட்டு வசதி கோரும் மனுவில் முதற்பிரிவில் 82 விழுக்காட்டினரும் மற்றதில் 67 விழுக்காட்டினரும் கையெழுத்திட்டனர். ஆக, நெகிழ்ச்சியின் அளவைவிட, அதன் பின் நிகழும் செயலே வேறுபாட்டைக் காட்டியது.

எண்ணூருக்கும் இது பொருந்தும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்தில் பரவி, வலையிலும் படகிலும் படிந்தது. அக்காட்சியை மணத்தோடு மெய்நிகரில் காட்டவும் இன்று கருவி உண்டு. ஆயினும் பார்வையாளர் அதைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து போகலாம். மீனவர் மறுநாளும் அதே நீரில்தான் வலை வீச வேண்டும். கழற்றிய பின் பார்வையாளர் செய்வதே அப்படத்தின் உண்மையான விளைவு ஆகும்.